சுவரில் மேயும் மாடுகள்

வால்தம்ஸ்டோ, லண்டன்
பிப்ரவரி 2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் தபால் இலாகாவிலேயே தலை நரைத்த உங்களுக்கு ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் வந்தால்தான் விஷயம் விஷயமாகப் படும். அதோடு இது சித்திக்கு நீங்கள் உரக்க வாசித்துக் காட்ட வேண்டிய கடிதம். அங்கே என் பேர் கெட்டுப் போயிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், "என்னலே, லண்டன்ல இருந்துக்கிட்டு வீட்டுல ஒரு டிவி கூட இல்லியா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து சித்தி குரல்: "டிவி எதுக்கு? வாரா வாரம் படமால்லா வாங்கி மாட்டுதான். போன வாரம் மாடு, இந்த வாரம் கப்பல். சம்பாத்தியம் பூரா படத்துக்கே போவுது போல." அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மறுநாள் பெரியக்கா போன் பண்ணி, பணத்துக்குக் கஷ்டமா என்று தணிந்த குரலில் விசாரித்தாள். பாளையங்கோட்டையில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மறந்திருந்தேன்.

சித்தப்பா, அந்த மாடுதான் டிவி. அந்தக் கப்பலும் அதே டிவிதான்.

சாம்சங் கம்பெனி 2017-ல் 'தி ஃபிரேம்' என்று ஒரு டிவியைக் கொண்டுவந்தது. ஈவ் பேஹார் என்ற பேர்போன வடிவமைப்பாளரின் கைவேலை. பார்க்கும்போது டிவி, அணைத்துவிட்டால் சட்டம் போட்ட ஓவியம். சட்டத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காந்தத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். 2022-லிருந்து திரையில் பளபளப்பே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசுவதில்லை, கிட்டே போய் நின்றால்கூடத் துணியில் வரைந்ததாகத்தான் தெரிகிறது. ஒயர் எல்லாம் ஒரு தனிப் பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெட்டியிலிருந்து சுவருக்கு ஒரே ஒரு மெல்லிய ஒயர் வரும். அறையில் வெளிச்சம் குறைந்தால் படமும் தானே மங்கும். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் தானே அணையும்.

இந்தக் கடைசிச் சங்கதியால் ஈஸ்ட் ஹாமில் என் நண்பன் வீட்டில் ஒரு கூத்து. ஊரிலிருந்து வந்திருந்த அவன் மாமனார் காலையில் ஹாலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். ஆடாமல் அசையாமல் நெடுநேரம் இருக்கிறாரா, அறையில் யாருமில்லை என்று டிவி முடிவு கட்டி ஓவியத்தை அணைத்துவிடும். ஜெபம் முடித்து அவர் கையெடுத்துக் கும்பிட்டதும் ஓவியம் பளிச்சென்று வந்து நிற்கும். மனிதர் இதை யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வரை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

சித்திக்கு முக்கியமான கணக்கு: படத்துக்கு நாங்கள் பைசா கொடுப்பதில்லை. மாதச் சந்தா கட்டினால் பாரிஸ் லூவ்ர், மாட்ரிட் பிராடோ என்று பெரிய பெரிய மியூசியங்களின் ஓவியங்களைக் கம்பெனியே அனுப்பும். உங்கள் மருமகள் விடுவாளா? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன்னிடமிருக்கும் பழைய ஓவியங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஹாலந்து முழுக்க இப்போது எங்கள் வீட்டு பென்டிரைவில் இருக்கிறது. நீங்கள் பார்த்த மாடுகள் ஆல்பெர்ட் கைப் பாணியில் வந்தவை. சாயங்கால வெயிலில் மாடு வரைந்தே பேர் வாங்கிய பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர் அவர். கப்பலும் அதே காலம், அதே நாடு, அதே இலவசம்.

சரி, இருக்கிற டிவியை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே வந்து பல வருஷம் எனக்கும் அது விளங்கவில்லை.

எங்கள் வீடு விக்டோரியா மகாராணி காலத்து வரிசை வீடு. முன்னறையில் கணப்பு அடுப்பு, அதன் புகைபோக்கிக்காகச் சுவர் கொஞ்சம் முன்தள்ளி நிற்கும், இரண்டு பக்கமும் மாடம் மாதிரி பள்ளம். குடிவந்த புதிதில் அந்தக் கணப்புக்கு மேலே ஐம்பத்தைந்து இன்ச் டிவியை மாட்டினோம். பக்கத்து வீட்டு அம்மணி, ஓய்வுபெற்ற டீச்சர், கேக் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்து, "ரொம்பப் பெரிய டிவி" என்றார். நான் குளிர்ந்துபோய் விலை, வாங்கிய கடை, தள்ளுபடி எல்லாம் சொன்னேன். அவர் இன்னும் அதிகக் கரிசனத்தோடு தலையாட்டினார். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது, இங்கிலீஷ்காரர் பெரிய டிவி என்று சொன்னால் அது துக்கம் விசாரிப்பது. நம் தெருவில் எத்தனை இன்ச் என்று கேட்பவன் பாராட்டப் போகிறான் என்று அர்த்தம். இங்கே படித்த வர்க்கம் கேட்டால், வீட்டில் புத்தகம் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறது என்று அர்த்தம்.

ஆகவே இவர்கள் டிவியை ஒளிக்கிறார்கள். விருந்தாளி வந்தால் டிவியே கண்ணில் படாது. பேச்சு வந்தால், "நாங்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை" என்பார்கள். அடுத்த நிமிஷம் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக் சுடும் போட்டியில் இந்த வாரம் யார் வெளியேறினார், யாருடைய கிரீம் உருகி வழிந்தது என்று புள்ளி பிசகாமல் சொல்வார்கள். அந்த நிகழ்ச்சி 2010-ல் பிபிசியில் தொடங்கி 2017-ல் சானல் ஃபோருக்குப் போனது. சானல் மாறியதை ஏதோ சம்பந்தம் முறிந்ததாகப் பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிவி பார்ப்பதில்லையாம்! இதே சானல் ஃபோரில் 2013-லிருந்து 'காகிள்பாக்ஸ்' என்று ஒன்று ஓடுகிறது. சில குடும்பங்கள் அவரவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதை நாடு பார்க்கிறது. வேறு ஒன்றுமே கிடையாது. பரிசு வேறு வாங்கியிருக்கிறது.

உங்கள் பேத்தி இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த உடனே, டிவி எங்கே என்று கண்டுபிடிப்பாள். அவள் வைத்திருக்கும் சூத்திரம் ஒன்றுதான்: சுவரைப் பார்க்காதே, சோபாவைப் பார். டிவியை எங்கே வேண்டுமானாலும் மறைக்கலாம், சோபாவைத் திருப்பிப் போட முடியாது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒரு பழைய உலக வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்குப் பூகோளத்தில் அவ்வளவு பித்து என்றா நினைப்பது? வரைபடத்தை ஓரமாகத் தள்ளினால் பின்னாலே அறுபத்தைந்து இன்ச்.

இப்படி அவள் கண்டுபிடித்தவை எத்தனையோ. மாடத்தில் தச்சர் வைத்து அடித்த அலமாரி, கதவைத் திறந்து பக்கவாட்டில் உள்ளே தள்ளிவிட்டால் டிவி. புத்தக அலமாரி, அதில் நடு இரண்டு தட்டு மட்டும் வெறும் புத்தக முதுகு ஒட்டிய பலகை. பெரிய நிலைக்கண்ணாடி, அது ஒருபக்கம் கண்ணாடி, டிவியைப் போட்டால் உள்ளிருந்து செய்தி வாசிப்பவர் தெரிவார். தலை சீவிக்கொண்டிருக்கும்போது நெற்றிக்கு நேரே அவர் முளைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வால்தம்ஸ்டோ வில்லியம் மோரிஸ் பிறந்த ஊர். பூவும் கொடியும் பறவையுமாகச் சுவர்க் காகித டிசைன் போட்டு உலகப் புகழ் பெற்றவர். அவர் பேரில் இங்கே ஒரு கேலரியும் இருக்கிறது. அதனாலேயே எங்கள் வட்டாரத்தில் மோரிஸ் டிசைன் ஒட்டிய மடக்குத் தட்டிக்குப் பின்னால் ஏகப்பட்ட டிவிகள் குடியிருக்கின்றன. ஸ்ட்ராபெரி திருடும் குருவிகளை அவர் 1883-ல் வரைந்தார். 1896-ல் காலமாகி, இந்தக் காட்சியிலிருந்து தப்பித்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் மேலானது பக்கத்து வீட்டு அம்மணியுடையது. ஆமாம், கரிசனம் காட்டியவரேதான். அவர் வீட்டில் ஓக் மரத்தில் நீளமாக, பீங்கான் சாமான் வைக்கும் ஒரு அலமாரி. பொத்தானை அழுத்தினால் மேல்பலகை மெல்ல எழும்பும், அடியிலிருந்து மோட்டார் உறுமிக்கொண்டு டிவி மேலே வரும். பலகை டிவியின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். பிரச்சினை என்னவென்றால், அவருடைய கிழட்டுப் பூனைக்கு அந்தப் பலகையின் மேல்தான் படுக்கை. அடியில் மோட்டார் சூடு இதமாக இருக்கும் போல. இரவு பத்து மணிச் செய்திக்கு அம்மணி பொத்தானை அழுத்துவார். பூனை எழுந்திருக்காது. டிவியோடு சேர்ந்து அதுவும் மேலே போகும், கண்ணைக்கூடத் திறக்காமல். செய்தி முழுக்க அங்கேயே கிடந்து வாலை முன்பக்கம் தொங்கவிடும். நான் போயிருந்த அன்று பிரதமர் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். வால் அவர் மூக்கின் மேல் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மணி முகத்தில் ஒரு சலனம் இல்லை. வாலை ஒதுக்கினால், டிவி பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இதில் வேடிக்கை, டிவியைப் பெற்றெடுத்த ஊரே இதுதான். ஜான் லோகி பெயர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் 26 ஜனவரி 1926 அன்று லண்டன் சோஹோவில் 22, ஃபிரித் தெரு மாடியில் விஞ்ஞானிகளையும் ஒரு 'டைம்ஸ்' நிருபரையும் கூட்டி வைத்து, அசையும் முகத்தைத் திரையில் காட்டினார். போன மாதத்தோடு சரியாக நூறு வருஷம். அந்தக் கட்டடத்தில் நீல வட்டப் பலகை இருக்கிறது. கீழே இப்போது பேர்போன காபிக்கடை. முதலில் ஒரு பொம்மைத் தலையை வைத்துத்தான் பரீட்சை பார்த்தாராம். மனிதமுகம் வேண்டும் என்று 1925 அக்டோபரில் கீழ்த்தள ஆபீஸ் பையனை இழுத்து வந்து விளக்குக்கு முன்னால் உட்கார வைத்தார். சூடு தாங்காமல் அவன் எழுந்து ஓடப் பார்க்க, அரைக் கிரௌன் காசைக் கையில் திணித்து உட்கார வைத்ததாக வரலாறு. உலகின் முதல் டிவி நடிகருக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, கதைதான் இன்னும் வரவில்லை.

பத்து வருஷத்தில் பிபிசி முறையாகவே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது: 2 நவம்பர் 1936, வடக்கு லண்டன் குன்றின் மேலிருக்கும் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து. அந்தக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்து டிவிப் பெட்டியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். படக்குழாய் ஆள் நீளத்தில் பாதி இருந்ததால் அதைப் படுக்க வைக்க இடமில்லை, பெட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள். படம் கூரையைப் பார்த்து ஓடும். பெட்டியின் மூடியில் உள்பக்கம் கண்ணாடி பதித்து, மூடியைச் சாய்வாகத் திறந்து வைத்து, அந்தப் பிம்பத்தைத்தான் குடும்பமே பார்த்தது. விலை ஒரு சின்னக் காருக்குச் சமம். மூடியைச் சாத்திவிட்டால் மேலே பூச்சாடி வைக்கலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது. 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டலைப் பார்க்க ஊரே டிவி வாங்கிய காலத்திலும் கதவு போட்ட பெட்டிகள் கடைகளில் இருந்தன. ஒளிக்கிற பழக்கம் நேற்று வந்ததில்லை, பிறந்த வீட்டுச் சீதனமாகவே கூட வந்திருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: லைசென்ஸ். நீங்களே கவுண்டரில் உட்கார்ந்து ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்தித் தள்ளியவர். நம்மூரில் அது ஒழிந்து நாற்பது வருஷமாகிவிட்டது. இங்கே இன்னும் உண்டு சித்தப்பா! 1946-ல் டிவி லைசென்ஸ் 2 பவுண்டில் தொடங்கி, 2025 ஏப்ரலில் 174 பவுண்டு 50 பென்ஸ். எந்தச் சானலானாலும் நேரடியாக ஓடுவதைப் பார்த்தால் கட்ட வேண்டும். கறுப்பு வெள்ளை டிவிக்கென்று தனி லைசென்ஸ் இன்னும் இருக்கிறது, 2025 ஏப்ரலில் 58 பவுண்டு 50. அதற்கும் ஆள் இருக்கிறார்கள். பார்வையற்றவருக்குப் பாதி விலை. இந்தச் சலுகையை யோசித்து எழுதிய அதிகாரி யாரோ, அவர் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம். கட்டாதவர்களைப் பிடிக்க 1952-லிருந்து தெருத் தெருவாக வேன் ஓட்டினார்கள். எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று வெளியிலிருந்தே மோப்பம் பிடிக்கும் வேன். அந்த நாளில் சர்க்காருக்குப் பயந்து ஒளித்தவர்களுக்கு ஒரு நியாயமாவது இருந்தது. எங்கள் தெருவாசிகள் லைசென்ஸை ஒழுங்காகக் கட்டிவிட்டு, கேக் கொண்டு வருபவருக்குப் பயந்து ஒளிக்கிறார்கள்.

சர்க்காரும் தன் பங்குக்கு உதவுகிறது. பழமை பாதுகாக்கப்படும் பகுதி என்று அறிவித்த தெருக்களில், வீதியிலிருந்து தெரியும்படி வீட்டு முகப்பில் டிஷ் ஆன்டெனா மாட்டக் கவுன்சில் அனுமதி வாங்க வேண்டும். கொல்லைப்புறம் மாட்டிக்கொள். ஆன்டெனாவுக்கே கோஷா!

அதைப் படித்தபோது நம் வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. எவ்வளவு உயரக் குழாய் நட்டோம்! கொடைக்கானல் டிவி டவர் வருமுன் நமக்கு ரூபவாகினிதானே. இலங்கையிலிருந்து கடல் தாண்டி வருவதைப் பிடிக்க பூஸ்டர் வைத்து, ஒருவர் மேலே குழாயைத் திருப்ப, ஒருவர் படியில் நின்று, "தெரியுதா, தெரியுதா" என்று கத்த, கீழேயிருந்து "புள்ளியா வருது, இன்னும் கொஞ்சம் கிழக்கால" என்று பதில் போகும். புரிகிறதோ இல்லையோ சிங்களச் செய்தியையும் விடாமல் பார்த்தோம். டிவி வாங்கியதை யாரும் மறைக்க முடியாது, மறைக்கவும் மாட்டார்கள். ஆன்டெனா உயரத்தை வைத்துத்தான் தெருவில் மரியாதை.

ஆனால் நீங்களும் டிவியை மூடித்தான் வைத்திருந்தீர்கள். மெட்ராஸ் சரக்கு, சாலிடேர். மரப்பெட்டி, பட்டை பட்டையாக மரம் கோர்த்த ஷட்டர், இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே ஒளிந்துகொள்ளும். அதற்கொரு பூட்டு. சாவி உங்கள் இடுப்பில். அதற்கு மேலே சித்தி தைத்த உறை, மயில் இரண்டு, ஓரத்தில் ஜரிகை. கொடைக்கானல் டவர் வந்தபிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்குத் திண்ணை வரை செருப்புக் குவிந்துவிடும். நீங்கள் ஆபீசிலிருந்து வந்து, கைகால் கழுவி, உறையை மடித்து வைத்து, சாவியைப் போட்டு ஷட்டரைத் தள்ளுவீர்கள். சந்நிதியில் திரை விலகுகிற நேரம் மாதிரி கூட்டம் எக்கிப் பார்க்கும். பரீட்சை மாதத்தில் நடை சாத்தியதுதான், முழுப் பரீட்சை முடிந்துதான் திறப்பு. தூசி படாமல், பிள்ளைகள் கை படாமல் நீங்கள் டிவியைக் காப்பாற்றினீர்கள். இங்கே டிவி எக்கேடும் கெடட்டும், தங்கள் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மூடுகிறார்கள். எனக்கு உங்கள் பூட்டுதான் நேர்மையானதாகப் படுகிறது.

கோடை விடுமுறைக்கு ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்குப் போய் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். பெயர்டு முதன்முதலில் டிவிக்காக மண்டையை உடைத்துக்கொண்ட ஊர் அது. டீத்தூள் வந்த மரப்பெட்டி, பிஸ்கட் டின், தையல் ஊசி, சைக்கிள் விளக்கின் லென்ஸ், அரக்கு, நூல் என்று கிடைத்ததை வைத்துக் கருவி கட்டினார். 1924-ல் கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது, வீட்டுக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்தக் கதையெல்லாம் நான் பேத்திக்குச் சொல்லித் தூங்க வைத்தேன். அறையில் டிவி கண்ணில் படவில்லை. அவள் சூத்திரமும் பலிக்கவில்லை, சோபாவே இல்லாத அறை. நடுராத்திரி உங்கள் மருமகள் புரண்டு படுத்தாள். தலையணைக்கடியில் கிடந்த ரிமோட் அழுந்தியது. கால்மாட்டில் கட்டிலே உறுமிக்கொண்டு பிளந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி நின்று, முழுச் சத்தத்தில் ஒரு மனிதன் சமையல் கத்தி விற்க ஆரம்பித்தான். அவள் போட்ட அலறலில் பக்கத்து அறை விளக்கெல்லாம் எரிந்தது. இந்த ஊரில் டிவிக் கட்டில் என்று கடைகளில் சாதாரணமாகவே விற்கிறார்கள். கால்மாட்டுப் பலகைக்குள் டிவி படுத்திருக்கும். காலையில் விடுதிக்காரரிடம் சொன்னால், "ஓ, கண்டுபிடித்துவிட்டீர்களா" என்று சந்தோஷப்பட்டார்.

இதெல்லாம் எங்களைப் போன்றவர்களின் அளவு. பணக்காரர் ஒளிக்கும் விதமே வேறு. எல்ஜி கம்பெனி 2019-ல் அமெரிக்கக் கண்காட்சியில் பாய் சுருட்டுவதுபோல் டிவியைச் சுருட்டிக் காட்டியது. பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் சுருண்டு போய்விடும். அமெரிக்காவில் விலை ஒரு லட்சம் டாலர், அன்றைய கணக்கில் நம்ம காசில் முக்கால் கோடி. விற்பனை எப்படியிருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம், இப்போது செய்வதில்லை. அடுத்ததாக, அணைத்தால் கண்ணாடி ஜன்னலாகவே நின்றுவிடும் டிவி ஒன்று 2024 கடைசியில் விற்பனைக்கு வந்தது, அறுபதாயிரம் டாலர். டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் கம்பெனியில் டிவிக்கு முன்னால் இரண்டு மரப்பலகைகள். போட்டால் அவை விரிந்து கீழே இறங்க, டிவி மேலே ஏறும். பார்க்க அழகுதான். ஆனால் ஓடுவது அதே கேக் போட்டி.

நம்மவர்கள் இந்த வித்தைக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல. இங்கே தமிழர் வீடுகளில் நவராத்திரிக்குப் பத்து நாள் டிவியே தெரியாது. அதை மறைத்துத்தான் கொலுப்படி கட்டுவார்கள், ஏனென்றால் சோபா அந்தப் பக்கம்தானே பார்த்திருக்கிறது. போன வருஷம் ஒரு வீட்டில் கொலு பார்க்கப் போனோம். இந்தியா கிரிக்கெட் ஆடுகிற நாள். பெண்கள் பாட, ஆண்கள் எல்லோரும் பக்தியோடு மேல்படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தசாவதாரத்துக்கும் மரப்பாச்சிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார் வீட்டுக்காரர். ஸ்கோர் தெரிகிற அளவு.

இப்போது ஒரு காரியம். டிவி ஓவியமாக நிற்பது உங்கள் மருமகளுக்குச் சலித்துவிட்டது. ஓவியமானாலும் மின்சாரம் ஓடுகிறதே என்கிறாள். மாடத்தில் நல்ல மர அலமாரி அடித்து, பட்டை பட்டையாக ஷட்டர் போட்டு, அதற்குள் வைத்துவிடலாம் என்று திட்டம். தச்சரைக் கூப்பிட்டோம். அளவெடுத்து, தாடியைத் தடவி, இந்த மாதிரி ஷட்டர் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு என்று பெருமூச்சு விட்டு மூவாயிரம் பவுண்டு என்றார். மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். பூட்டு தனி.

அதனால் சித்தப்பா, பின்கட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தச் சாலிடேர் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் படக்குழாயை மட்டும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். ஷட்டருக்குத் தேங்காயெண்ணெய் தடவி இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பார்த்து, அகலம் நீளம் இரண்டையும் இன்ச்சில் எழுதி அனுப்புங்கள். கப்பலில் வரவழைக்கும் செலவை இங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்; பெட்டி சின்னது, டிவி பெரியது என்றால் டிவியை மாற்றிக்கொள்கிறோம். சாவி தொலைந்திருந்தால் பரவாயில்லை. இருந்தால் தனி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும். உங்கள் பேத்திக்கு மே மாதம் பரீட்சை.

என்றும் அன்புள்ள,
உங்கள் மகன்